சொன்னதைச் சொல்லுமா கிளிப்பிள்ளை? வீட்டுக் கிளியின் ஈராயிரம் ஆண்டுக் கதை



கட்டுரைத் தாள் திருத்தும் காலம் வந்தால் என் மேசையில் கட்டாயம் ஒரு கிளி வந்து உட்காரும். 'நான் ஒரு கிளி' என்ற தன்கதைதான். முப்பது மாணவர் எழுதினால் முப்பது கிளிக்கும் ஒரே வாழ்க்கை. மரப்பொந்தில் பிறக்கும், வேடன் பிடிப்பான், கடையில் விற்பான், வாங்கியவர் பெயர் வைத்துப் பழம் கொடுப்பார், கடைசிப் பத்தியில் கூண்டுக் கதவு திறந்திருக்கும், பறந்துவிடும். பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பேன்.

ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி மட்டும் எழுந்து கேட்டாள்: "சார், கிளி ஏன் சார் பேசுது? பேசுறதால அதுக்கு என்ன கிடைக்குது?"

"நாம சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுதும்மா, அவ்வளவுதான். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைன்னு படிச்சிருக்கே இல்ல?" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். ஆனால் அவள் கேள்வி உட்காரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் என் பாட்டி வளர்த்த கிளி நினைவுக்கு வந்தது. ரப்பர்த் தோட்டத்து லயத்தில், பாட்டி வீட்டு வாசலில் தொங்கிய தகரக் கூண்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. அதற்குத் தெரிந்தது ஒரே சொல்: "யாரு?" விடியற்காலைப் பெரட்டுக்குப் பாட்டி கிளம்பிப் போனால், பால் வெட்டி, பால் சுமந்து, திரும்ப நண்பகல் ஆகிவிடும். அதுவரை அந்த வெறும் வீட்டில் கிளி "யாரு? யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பள்ளி விடுமுறையில் அங்குப் போகும் பிள்ளைகளான எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. "நாங்கதான்!" என்று கத்திவிட்டு ஓடுவோம். கொஞ்ச நாளில் அந்தக் கிளி தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கிப் போடத் தொடங்கியது. பேன் என்று நினைத்த பாட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

அந்த மாணவிக்கு நான் கொடுக்க வேண்டிய முழுப் பதில்தான் இந்தக் கட்டுரை. அதற்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது.

தினைப்புனத்தில் பகை, வீட்டில் பிள்ளை

சங்க இலக்கியத்தில் கிளிக்கு இரண்டு முகங்கள் உண்டு. குறிஞ்சி நிலத்தில் அது பயிரைத் தின்னும் திருடன். தினை முற்றும் காலத்தில் பரண் மீது நின்று கிளி ஓட்டுவது இளம் பெண்களின் வேலை. தட்டை, குளிர், தழல் என்று கிளி ஓட்டும் கருவிகளுக்குத் தனித்தனிப் பெயர்களே இருந்தன. 

இன்னொரு முகம் வீட்டுக்குள் தெரிகிறது. பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதில் மறை ஓதுவோர் வாழும் ஊர் ஒன்று வருகிறது. அந்த ஊரின் வீடுகளில் வளரும் கிளிகளும் மறையின் ஓசையைப் பயில்கின்றன என்கிறார் புலவர். இந்த ஒரு செய்தியில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் வீட்டில் கிளி வளர்த்தார்கள். இரண்டு, எந்த வீட்டில் எது ஒலிக்கிறதோ அந்த ஒலியைக் கிளி எடுத்துக்கொள்கிறது. அது குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளும் வழி அதுதான்.

பிற்கால இலக்கியத்தில் கிளிக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. சீவக சிந்தாமணியில் குணமாலை சீவகனிடம் கிளியைத் தூது அனுப்புகிறாள். கிளியைத் தூது விடுவதற்கென்றே தனி நூல்கள் எழுந்தன. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது அவற்றுள் பெயர் பெற்றது. மதுரை மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் வைக்கும் கிளியை இலைகளாலும் மாதுளம்பூவாலும் நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். கிளி, கிள்ளை, தத்தை என்று இந்தப் பறவைக்கு நாம் வைத்த பெயர்களும் பல. வடமொழி நூல்கள் பட்டியலிடும் 64 கலைகளில், கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கற்றுக்கொடுப்பதும் ஒரு கலையாக இடம்பெறுகிறது.

அதிசயம் பழகிப்போன கதை

இந்தியக் கிளியின் பேச்சு கடல் கடந்தும் கேட்டது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக மன்னரின் அரண்மனையில் மருத்துவராக இருந்தவர் கிடேசியஸ் என்ற கிரேக்கர். இவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனாலும் இந்தியாவிலிருந்து வந்த பேசும் பறவை ஒன்றைப் பற்றி எழுதினார். அது மனிதரைப் போல இந்திய மொழி பேசும், கிரேக்க மொழி கற்றுக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்பது அவர் குறிப்பு.

அடுத்த நூற்றாண்டில் அலெக்ஸாண்டரோடு இந்தியாவுக்கு வந்த கடற்படைத் தலைவர் நியார்கஸ், கிளியைப் பெரிய அதிசயமாக வருணித்தார். பெரிய பச்சைக்கிளி இனம் ஒன்றுக்கு இன்றும் அலெக்ஸாண்டரின் பெயரே வழங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் நியார்கஸின் குறிப்புகளைப் படித்து எழுதிய ஆரியன் என்ற வரலாற்றாசிரியர், "இதுல என்ன அதிசயம்?" என்கிற பாணியில் கடந்து போகிறார். அவரே பல கிளிகளைப் பார்த்திருக்கிறாராம். பலருக்கும் தெரிந்த பறவைதானாம். இரண்டு பேருக்கும் நடுவில் ஏறக்குறைய 450 ஆண்டுகள். அதற்குள் கிளி உரோமானியர் வீட்டுப் பொருளாகிவிட்டது.

உரோமில் கிளிக்குக் கிடைத்த வரவேற்பு இருவகை. கி.பி. 77 அளவில் தம் இயற்கை வரலாற்றை வெளியிட்ட பிளினி, கிளி பேரரசருக்கு வணக்கம் சொல்லும் என்கிறார். கூடவே, பேசக் கற்றுக்கொடுக்கும்போது அதன் தலையில் இரும்புக் கம்பியால் அடிப்பார்கள் என்றும், அலகைப் போலவே அதன் தலையும் கெட்டியானது, அப்படி அடித்தால்தான் அதற்கு உறைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். ஆசிரியர்களாகிய நாம் இந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பிரம்பால்தான் படிப்பு ஏறும் என்ற நம்பிக்கை எவ்வளவு பழையது, பாருங்கள்!

அதே உரோமில் ஓவிட் என்ற கவிஞர், தம் காதலியின் கிளி இறந்தபோது இரங்கற்பா ஒன்று பாடினார். அந்தக் கிளிக்கு ஒரு புறா உயிர்த்தோழனாக இருந்ததை அதில் குறிப்பிடுகிறார். ஒரு வீட்டுக் கிளிக்கும் நட்பு வேண்டும் என்பதைக் கவிஞர் கவனித்துவிட்டார்.

வெறும் வீட்டில் கதை சொன்ன கிளி

மலேசிய மாணவர்கள் பலர் மலாய் இலக்கிய வகுப்பில் 'ஹிக்காயாட் பாயான் புடிமான்' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். 'பாயான்' என்றால் கிளி. அந்தக் கதை நம் ஊருக்கு வந்த வழி நீளமானது. வடமொழியில் 'சுக சப்ததி' என்று கிளி சொன்ன எழுபது கதைகள் இருந்தன. 14-ஆம் நூற்றாண்டில் அது நக்ஷபி என்பவரால் பாரசீகத்தில் 'தூத்திநாமா' ஆனது. அதே நூற்றாண்டில், 1371-இல், காடி ஹசான் என்பவர் அதனை மலாய்க்குக் கொண்டுவந்தார்.

கதையின் தொடக்கம் எளிது. வணிகன் கோஜா மைமுன் பயணம் போகிறான். மனைவி பீபி சைனாப் வீட்டில் தனியாக இருக்கிறாள். வீட்டில் இரண்டு பறவைகள் உண்டு: ஒரு மைனா, ஒரு கிளி. சைனாப் தவறான வழியில் வெளியே போகத் துணிகிறாள். மைனா நேரடியாகக் கண்டிக்கிறது, உயிரை இழக்கிறது. கிளி கண்டிக்கவில்லை. "போங்க, ஆனா இந்தக் கதையைக் கேட்டுட்டுப் போங்க" என்பது போல ஒவ்வோர் இரவும் ஒரு கதை சொல்லத் தொடங்குகிறது. கதை முடிவதற்குள் விடிந்துவிடுகிறது. இப்படியே கணவன் திரும்பும்வரை அவளை வீட்டிலேயே இருத்திவிடுகிறது.

வகுப்பில் அறிவுரை சொல்லும் நமக்கு மைனாவும் கிளியும் ஆளுக்கொரு பாடம் வைத்திருக்கின்றன. அது ஒருபுறம் இருக்கட்டும். வடமொழி, பாரசீகம், மலாய் என்று மூன்று மொழி மக்களும் இந்தக் கதையை விரும்பிக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் தனித்திருக்கும் மனிதருக்குக் கிளி துணை என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். மனிதர் வெளியே போனபின் தனித்திருக்கும் கிளிக்கு யார் துணை? அந்தக் கேள்வியை எந்த மொழியிலும் அன்று யாரும் கேட்கவில்லை.

கப்பலேறிய கிளிகள்

1492-இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கியபோது, அங்குள்ள மக்கள் பண்டமாற்றுக்குக் கொண்டுவந்தவற்றில் கிளிகளும் இருந்தன. மறு ஆண்டு அவர் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது கிளிகளும் கூடவே போயின. அதன்பின் தொலைநாட்டிலிருந்து திரும்பும் கப்பல்களில் கிளி வழக்கமான பயணியாகிவிட்டது.

இந்த வணிகத்தில் நம் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. கொண்டைக்கிளிக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'காக்கட்டூ' என்ற பெயர், 'காக்காக்துவா' என்ற மலாய்ச் சொல் டச்சு வழியாகப் போய்த் திரிந்தது. 'லோரி' என்ற பெயரும் மலாய் 'நூரி'யிலிருந்து வந்ததே. பறவையோடு பெயரும் கப்பலேறியது.

1840-இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து சிறு பச்சைக் கிளிகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 'பட்ஜி' என்று இன்று செல்லப்பிராணிக் கடைகளில் நாம் பார்க்கும் பறவை இதுதான். சிறியது, விலை மலிவு, கூண்டிலேயே குஞ்சு பொரிக்கும். அதனால் மன்னர் மாளிகையிலும் மாலுமியின் தோளிலும் இருந்த கிளி, சாதாரணக் குடும்பத்தின் வரவேற்பறைக்கும் வந்துசேர்ந்தது. 

கூட்டம் கூட்டமாகப் பிடித்து, நெருக்கி அடைத்து அனுப்பியதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1929 இறுதியிலும் 1930-இலும் 'கிளிக் காய்ச்சல்' அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிளிகள் மூலம் நுரையீரலைத் தாக்கிய நோய் அது. 1930 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்குத் தடை போட்டார். மக்கள் பயந்து, வீட்டில் வளர்த்த கிளியையே துரத்தினார்கள். பின்னாளில் மருந்து வந்தது, பயம் தணிந்தது, வணிகம் மீண்டும் பெருகியது.

அலெக்ஸ் கற்ற விதம்

1977-இல், வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஐரின் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி, சிகாகோ வட்டாரக் கடை ஒன்றில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கினார். கெட்டிக்காரக் கிளியைத் தேடி எடுத்தார் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, கடைக்காரரையே ஒன்றைப் பிடித்துத் தரச் சொன்னார். அந்தக் கிளிக்கு வைத்த பெயர் அலெக்ஸ்.

பறவையின் மூளை சிறியது, அது வெறும் ஒலியைத்தான் திருப்பிச் சொல்லும் என்பது அந்தக் காலத்து அறிஞர் பலரின் கருத்து. பெப்பர்பெர்க் கையாண்ட முறை வேறு. கிளியின் முன்னால் இரண்டு பேர் அமர்வார்கள். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர். ஆசிரியர் ஒரு பொருளைக் காட்டி "இது என்ன?" என்பார். மாணவர் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளே அவர் கைக்கு வரும். தவறாகச் சொன்னால் வராது. பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்கு ஆசை வந்துவிடும். அதுவும் பேச்சில் கலந்துகொள்ளும். 'தக்கை' என்று சொன்னால் அதற்குத் தக்கைதான் பரிசு. கடலை கிடைக்காது. சொல்லும் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அப்படித்தான்.

இம்முறையில் அலெக்ஸ் ஐம்பதுக்கு மேற்பட்ட பொருள்களின் பெயர்களையும், ஏழு நிறங்களையும், ஐந்து வடிவங்களையும் கற்றது. ஆறு வரை எண்ணியது. இரண்டு பொருள்களைக் காட்டினால் அவற்றுக்குள் எது ஒன்றுபோல, எது வேறு என்றும் சொன்னது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனிதான் வருகிறது. ஒலிநாடாவை மட்டும் ஓடவிட்டு, பக்கத்தில் ஆளில்லாமல் கற்பித்துப் பார்த்தபோது சாம்பல் கிளிகள் அந்தச் சொற்களைக் கற்கவில்லை. காணொளியை மட்டும் காட்டியபோதும் கற்கவில்லை. வெறும் ஒலியைத் திருப்பிச் சொல்லும் இயந்திரமாக இருந்தால் ஒலிநாடாவே போதுமே! கிளிக்கு எதிரே ஓர் உயிர் வேண்டியிருக்கிறது. தன்னைப் பார்த்துப் பேசவும், தான் சொன்னால் மறுமொழி தரவும் ஒருவர் வேண்டும். அந்த உறவு இருக்கும் இடத்தில்தான் அதற்குச் சொல் ஏறுகிறது.

2007 செப்டம்பர் 6-ஆம் நாள் அலெக்ஸ் இறந்தது. அப்போது அதற்கு வயது 31. ஒவ்வொரு மாலையும் பிரியும்போது சொல்வதுபோல, முந்தைய மாலையும் அது பெப்பர்பெர்க்கிடம் அன்பு சொல்லி, நாளைக்குச் சந்திப்போம் என்று விடைகொடுத்திருந்தது.

காட்டிலும் அதற்குப் பெயர் உண்டு

சரி, காட்டில் மனிதர் யாரும் இல்லையே, அங்கே கிளிக்கு எதற்கு இந்தத் திறமை?

பெரும்பாலான கிளிகள் கூட்டமாக வாழ்பவை. அடர்ந்த மரங்களுக்கிடையே ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபோது, "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெனிசுவேலாவில் சிறு பச்சைக்கிளிகளை ஆராய்ந்த கார்ல் பெர்க்கும் அவர் குழுவினரும் 2011-இல் ஓர் அருமையான செய்தியை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கிளிக்கும் தனக்கென ஒரு தனிக் குரல் அடையாளம் இருக்கிறது. நம் பெயர் மாதிரி. அந்தப் பெயர் பிறவியிலேயே வருவதா, கற்றுக்கொள்வதா என்று அறிய, முட்டைகளைக் கூடு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் தங்களைப் பெற்றவர்களின் குரலைப் பின்பற்றவில்லை, வளர்த்தவர்களின் குரலைப் பின்பற்றின. அதாவது, பெயரை வைப்பது வளர்க்கும் குடும்பம்.

இதை வைத்துப் பாட்டி வீட்டுக் கூண்டை மறுபடி பாருங்கள். கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த கிளிக்கு நம் குடும்பம்தான் கூட்டம். அந்தக் கூட்டத்தின் குரல் தமிழாக இருந்தால் தமிழைக் கற்கும், மலாயாக இருந்தால் மலாயைக் கற்கும். நமக்கு அது விளையாட்டு. அதற்கு அது உறவில் சேரும் முயற்சி.

அந்த உறவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். உயிரணுவுக்குள் குரோமோசோம்களின் நுனியில் 'டெலோமியர்' என்ற பகுதி உண்டு. வயதாக வயதாக, மனஅழுத்தம் கூடக்கூட அது குறுகும். தனியாக அடைபட்ட கிளிகளின் டெலோமியர், சோடியாக வாழ்ந்த கிளிகளுடையதைவிடக் குறுகியிருந்தது. தனிமை உடலையே தேய்க்கிறது. இறகு பிடுங்குவது, ஓயாமல் கத்துவது, கூண்டுக்குள் ஒரே இடத்தில் ஆடிக்கொண்டே இருப்பது ஆகியவற்றுக்கு நோய், தீனிக் குறை என வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் தனிமையும் சலிப்பும் அவற்றில் முக்கியமானவை.

இதற்கு உச்சமான சான்று பிரேசிலில் கிடைத்தது. ஸ்பிக்ஸ் மக்காவ் என்ற நீலக்கிளி, காடழிப்பாலும் கூண்டு வணிகத்தாலும் அருகியது. 1990-இல் காட்டில் ஒரே ஓர் ஆண் கிளி மட்டும் எஞ்சியிருப்பது தெரியவந்தது. தன் இனத்தில் துணை இல்லாத அந்தக் கிளி, வேறு இனத்துப் பெண் மக்காவ் ஒன்றோடு சோடி சேர்ந்து வாழ்ந்தது. 2000-இல் அதுவும் காணாமல் போனது. காப்பகங்களில் பெருக்கிய எட்டுக் கிளிகளை 2022-இல் அதே வட்டாரக் காட்டில் விட்டிருக்கிறார்கள்.

சோதிடமும் சட்டமும்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிளிசோதிடரைப் பார்த்திருப்பீர்கள். கிளி பெட்டியிலிருந்து வெளியே வரும். ஒரு சீட்டை எடுக்கும். நெல்மணி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது சிங்கப்பூர்க் கிளி 'மணி' உலகப் புகழ் பெற்றது. காலிறுதிகளைச் சரியாகச் சொன்ன அது, இறுதியாட்டத்தில் நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது. வென்றதோ ஸ்பெயின். மணியின் மேல் தவறில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் சீட்டு, நெல், பெட்டி, கூட இருந்த மனிதர். நாம்தான் எதிர்காலத்தை அதன் அலகில் ஏற்றிவைத்தோம்.

காட்டிலிருந்து பிடிப்பதைத் தடுக்க உலகம் மெல்லத்தான் விழித்தது. 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை, 1981-இல் பெரும்பாலான கிளி இனங்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அமெரிக்கா 1992-இல் தனிச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் காட்டுப் பறவைகளின் இறக்குமதியை நிலையாக நிறுத்தியது. அலெக்ஸின் இனமான சாம்பல் கிளியை, மிகக் கடுமையான பட்டியலில் சேர்க்க 2016-இல் முடிவாயிற்று. இந்தியாவில், நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இனமென்றால் பெர்ஹிலித்தான் உரிமம் இல்லாமல் வளர்க்க முடியாது. சிங்கப்பூரில் இதனைத் தேசியப் பூங்காக் கழகம் கவனிக்கிறது. 

சிங்கப்பூரில் அடுக்குமாடிகளுக்கு மேலே வெள்ளைக் கொண்டைக்கிளிகள் கூச்சலிட்டுப் பறப்பதைப் பார்க்கலாம். அவை இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுகளைச் சேர்ந்தவை. கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகியதே இந்தக் கூட்டம். 'நான் ஒரு கிளி' கட்டுரையின் கடைசிப் பத்தி இங்கே உண்மையாகிவிட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. விடப்பட்ட கிளி, உள்ளூர்க் கிளியோடு மரப்பொந்துக்குப் போட்டி போடுகிறது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததோ, பெரும்பாலும் வெளியே இரை தேடத் தெரியாமல் மடிகிறது. கதவைத் திறந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கக்கூடாது.

வளர்க்க நினைப்பவர்களுக்கு

"அப்படின்னா கிளியே வளர்க்கக் கூடாதா, சார்?" என்று கேட்பீர்கள். சட்டப்படி வாங்கிய, கூண்டில் பிறந்த கிளியை நல்லபடி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வரலாறு அவர்களிடம் கேட்பது சில கேள்விகள்தான்.

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? எல்லாரும் பள்ளிக்கும் வேலைக்கும் போகும் வீட்டில் ஒற்றைக் கிளி வளர்ப்பது அதற்குச் சிறை. இணைக்கு இன்னொரு கிளி உண்டா? சிறகை விரிக்க இடமும், கடித்து விளையாட மரக்குச்சியும் உண்டா? எவ்வளவு காலம் பார்த்துக்கொள்வீர்கள்? பட்ஜி ஐந்து முதல் பத்தாண்டு வாழலாம்; சாம்பல் கிளி நாற்பது ஆண்டுக்கு மேலும் வாழும். படிவம் மூன்றில் வாங்கிய கிளி, உங்கள் பிள்ளையின் பட்டமளிப்பு விழாவன்றும் வீட்டில் இருக்கும்.

2023-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மற்ற பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, வீடுகளில் வளரும் 18 கிளிகளுக்கு ஒரு புதுமை கற்றுக்கொடுத்தார்கள். மணியை அடித்து, கைக்கணினித் திரையைத் தொட்டு, வேறொரு வீட்டுக் கிளியைக் காணொளியில் அழைப்பது. கிளிகள் தாமாகவே அழைத்தன. சில, குறிப்பிட்ட ஒரு தோழனையே திரும்பத் திரும்ப அழைத்தன. அலெக்ஸின் இனத்துக்குக் காணொளி மட்டும் மொழி கற்றுத்தரவில்லை. ஆனால் திரையின் மறுபக்கம் உண்மையிலேயே ஓர் உயிர் இருந்து மறுமொழி தந்தபோது நிலைமை மாறிவிட்டது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

'இலவு காத்த கிளி போல', 'கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தது போல' என்ற உவமைத்தொடர்களைப் பொருளறிந்து பயன்படுத்துங்கள். அடுத்த முறை தன்கதை எழுதும்போது உங்கள் கிளிக்கு இரண்டு வரி கூடுதலாகக் கொடுங்கள்: அது யாரை அழைத்தது, யார் மறுமொழி தந்தார்கள் என்று. செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய விவாதக் கட்டுரைக்கு மேலே உள்ள ஆண்டுகளும் சான்றுகளும் உதவும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளையை இனி 'கிளிப்பிள்ளை' என்று திட்டுவதற்குமுன் நான் கொஞ்சம் யோசிப்பேன். கிளியே, எதிரே ஆளிருந்து மறுமொழி தந்தால்தான் கற்கிறது.

பாட்டி வீட்டுக் கிளி என்ன ஆனது என்று சொல்லவில்லையே. ஒருமுறை பாட்டி வழுக்கி விழுந்து காலில் அடிபட்டது. அதன்பின் அவரால் பால் வெட்டப் போக முடியவில்லை. நாள் முழுக்க வாசலில், கூண்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரிசி புடைத்துக்கொண்டே கிளியோடு பேசிக்கொண்டிருப்பார். அடுத்த விடுமுறைக்கு நாங்கள் போனபோது கிளியின் நெஞ்சில் புது இறகு முளைத்திருந்தது. "பாத்தியா, மஞ்சத்தண்ணி வேலை செஞ்சிருச்சு" என்றார் பாட்டி. நாங்களும் நம்பினோம்.

கிளி "யாரு?" என்றது.

"நாந்தான்டா, இங்கதான இருக்கேன்" என்றார் பாட்டி.

அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான்.